தேனருவிக்குச் ‘சிறப்பு அனுமதி’ என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் பலர் பயணத்திற்குத் திட்டமிடுவார்கள் என்பதால், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் குடும்பம் ஏமாந்த கதையை இப்போதே எழுதிவிடுகிறேன். இழந்தது 10,800 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அதே ஆள் இந்த ஆண்டும் வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் நாள் பேரருவியில் குளித்துவிட்டு வாகன நிறுத்துமிடத்திற்குத் திரும்பியபோது, ஓர் இளைஞர் மிக மரியாதையாக எங்களை அணுகினார். இந்தக் கூட்டத்தில் இடிபட்டுக் குளிப்பதைவிட மலைமேல் இருக்கும் தேனருவிக்குச் சென்றால் ஆளே இல்லாமல் குளிக்கலாம் என்றும், அங்கே பொதுமக்களுக்குத் தடை இருந்தாலும் தங்களிடம் வனத்துறையின் சிறப்பு அனுமதி இருப்பதாகவும், ஜீப், வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய் என்றும் சொன்னார். நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், அக்காவும் அத்தானுமாக ஆறு பேர் இருந்தோம். பாதிப் பணத்தை அன்றிரவே கூகுள் பே வழியாக அனுப்பினேன். மீதியை மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறும்போதே வாங்கிக்கொண்டார்கள்.

பணம் அனுப்பிய சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ‘அனுமதிச் சீட்டு’ வந்தது. அரசு முத்திரை போன்ற ஒன்று, அதன்கீழ் மங்கலான ரப்பர் ஸ்டாம்பு, ‘நபர்கள்: 6’ என்ற ஒரு வரி, அவ்வளவுதான். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்ற அத்தான் அதைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இதில் தேதியும் இல்லை, நம் பெயர்களும் இல்லையே” என்றார். “இங்கெல்லாம் அப்படித்தான் கொடுப்பார்கள் அத்தான்” என்று, ஏதோ எல்லாம் தெரிந்தவனைப் போல நான் பதில் சொன்னேன். இந்த விவகாரத்தில் என் பங்கு அந்த ஒரு வாக்கியம்தான்; அதை மறைத்து எழுதுவது முறையாகாது.

காலையில் ஜீப் செங்கோட்டைச் சாலையில் திரும்பியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தேனருவிக்கு வண்டி போகும் பாதையே கிடையாது. சிற்றருவிக்கு அருகிலிருந்து ஏறும் காட்டுப்பாதையில் நடந்து செண்பகாதேவி அருவியை அடைந்து, அதற்கும் மேலே நடந்துதான் செல்ல வேண்டும். சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் செல்லும் பக்தர்களும் அந்தப் பாதையில் நடந்தே போகிறார்கள். கேட்டபோது, “இது பின்பக்க வழி சார், வனத்துறை வண்டிகள் மட்டும் போகும் வழி” என்றார் ஓட்டுநர். தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் தாண்டி, ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறி, ஒரு மணி நேரம் குலுக்கி எடுத்த பிறகு, இரும்புக் கதவு போட்ட ஒரு தோட்டத்திற்குள் ஜீப் நுழைந்தது.

உள்ளே ஓர் அருவி இருக்கத்தான் செய்தது. ஏறக்குறைய இருபது அடி உயரத்திலிருந்து, ஒரே அளவாக, விரித்துப் போட்ட வேட்டியைப் போல நீர் விழுந்துகொண்டிருந்தது. பாறைகளுக்கு இடையில் சிமெண்ட் பூச்சு தெரிந்தது. தேனடைகள் தொங்கும் செங்குத்துப் பாறையால் பெயர் பெற்ற அருவி என்று படித்திருந்த என் மகள், தேனடை எங்கே என்று கேட்டாள். வெயில் காலத்தில்தான் தேனீக்கள் வரும் என்றார் வழிகாட்டி. பிள்ளைகள் குளிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திடீரென்று நீர் மெலிந்து, சொட்டி, அடியோடு நின்றுபோனது. மேலே புதருக்குப் பின்னாலிருந்து யாரோ, “கரண்ட் போயிருச்சு!” என்று கத்தினார்கள். மின்சாரம் போனால் நின்றுவிடும் அருவியில் குளித்த பெருமை எங்களுக்கு உண்டு. அக்கா சிரித்த சிரிப்பில் பாதி அழுகை இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தேனருவிப் பாதையில் யானை நடமாட்டம் இருப்பதால் கடைசி நேரத்தில் இடத்தை மாற்றியதாகச் சொன்னார்கள். ஊர் திரும்பியதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். இணையவழி மோசடிகளுக்கான 1930 எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, போவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, காட்டுக்குள் மலையேற்றம் செல்வதற்கு மாநில அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் தொடங்கப்பட்டு, 40 மலையேற்ற வழித்தடங்களுக்கு அரசின் இணையதளத்திலேயே ஒவ்வொருவர் பெயரிலும் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். குற்றாலத்தின் செண்பகாதேவி அருவிப் பாதை அந்தப் பட்டியலில் உண்டு, தேனருவி இல்லை. ஆகவே தேனருவிக்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்பவர், எங்களைப் போலப் போலி அருவிக்கு அழைத்துச் செல்வார். இல்லாவிட்டால் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் கூட்டிச் சென்று வனச் சட்டப்படி உங்களைக் குற்றவாளியாக்குவார். எங்களுக்கு நேர்ந்ததே மேல் என்று அத்தான் இன்றும் சொல்கிறார்.

இத்தகைய தோட்டத்து அருவிகளைப் பற்றி நீதிமன்றமே பேசியிருக்கிறது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்து வசூல் செய்யும் தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. பணம் ஒருபுறம் இருக்க, பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இன்று பொது அருவிகளில் நீர்வரத்து கூடியதும் காவலர்கள் ஆட்களை வெளியேற்றி, குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அந்தத் தடையைத்தான் நாம் எரிச்சலோடு பார்க்கிறோம். எங்கள் ஜீப் இறங்கி ஏறிய ஓடையில் அன்று மேலே மழை கொட்டியிருந்தால், எங்களை எச்சரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

பேரருவியில் குளிக்க ஒரு ரூபாயும் கட்டணம் இல்லை. உயரத்திலிருந்து விழும் நீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வழிவதால்தான் அதன் அடியில் நம்மால் நிற்கவே முடிகிறது. அந்த அருவியை விட்டுவிட்டு நாங்கள் மோட்டார் தண்ணீருக்கு 10,800 ரூபாய் கொடுத்தோம்.

அந்த இளைஞரின் எண்ணை மனைவியின் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறோம். போன வாரம் வரை அவருடைய முகப்புப் படமாகச் செண்பகாதேவி அருவி இருந்தது. இப்போது ஆரியங்காவு பாலருவியின் படத்தை வைத்து, ‘கேரள வனத்துறை அனுமதியுடன் நேரடி ஜீப்’ என்று எழுதியிருக்கிறார். பாலருவிக்கு நுழைவாயிலில் சீட்டு வாங்கினால் வனத்துறையின் வண்டியிலேயே அழைத்துச் செல்கிறார்கள்; தனியார் ஜீப்புக்கு அங்கே வேலை இல்லை.