மூக்கில் வைக்கும் பேக்: எது நல்லது?

சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டுவதில் பத்துக்கு ஒன்பது, மூக்கின் நடுச்சுவர் முன்பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாய்ப் பின்னலிலிருந்து வருவதுதான். முன்னால் குனிந்து உட்கார்ந்து, எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை 10 முதல் 15 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அண்ணாந்து படுக்க வைப்பதை இன்னும் விடாத வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால் ரத்தம் வயிற்றுக்குள் இறங்கி வாந்தியாக வரும், அவ்வளவுதான். அழுத்தியும் நிற்கவில்லை, சில்வர் நைட்ரேட் குச்சியால் பொசுக்கவும் இடம் தெரியவில்லை என்னும்போதுதான் பேக், அதாவது மூக்கை உள்ளிருந்து அழுத்தி அடைக்கும் பொருள், வைக்கும் பேச்சு வருகிறது.

பழைய முறை ரிப்பன் காஸ். வாஸ்லினிலோ, பிஸ்மத்தும் அயோடோஃபார்மும் கலந்த மஞ்சள் பசையிலோ ஊறிய நீளமான துணிநாடா. அதை இடுக்கியால் பிடித்து, மூக்கின் தரையிலிருந்து மேலே, கொசுவம் வைப்பது போல மடிப்பு மடிப்பாக அடுக்க வேண்டும். விலை குறைவு, கோணல் மூக்கிலும் இண்டு இடுக்கெல்லாம் நிரப்பலாம். ஆனால் நல்ல வெளிச்சமும் பழகிய கையும் இல்லாமல் முடியாது. நோயாளிக்கு அது நீண்ட வேதனை. இ.என்.டி. மருத்துவர் பக்கத்தில் இல்லாத இரவு நேர கேஷுவாலிட்டியில் இதை முதல் வழியாக நம்புவது சரியில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது மெரோசெல். அழுத்திச் சுருக்கிய, விறைப்பான பஞ்சுப் பட்டை. களிம்பு தடவி, மூக்கின் தரையோடு நேராகப் பின்னோக்கித் தள்ள வேண்டும், மேல்நோக்கி அல்ல. உள்ளே போனதும் கொஞ்சம் சலைன் (உப்புநீர்) விட்டால் ஊதி, சுவரை அழுத்தும். நூலைக் கன்னத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் எடுக்கும்போது வருகிறது. காய்ந்த பஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நனைக்காமல் இழுத்தால் ஆறிய புண் திரும்பவும் கிழியும். முதலில் சலைன் விட்டு ஊறவைத்து, பொறுத்திருந்துதான் எடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

ராப்பிட் ரைனோ என்பது பலூன். அதன் மேலுறை கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். சுத்திகரித்த நீரில் 30 விநாடி ஊறினால் வழுவழுப்பான ஜெல்லாகும், ரத்தம் உறையவும் உதவும். சலைனில் ஊறவைக்கக் கூடாது. உள்ளே வைத்ததும் சிரிஞ்சால் காற்று ஏற்ற வேண்டும். வெளியே தொங்கும் சின்னப் பலூனைத் தொட்டாலே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரியும். ரத்தத்தை நிறுத்துவதில் இதற்கும் மெரோசெலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி இதில்தான் குறைவு. விலைதான் கூடுதல். இரண்டும் அலமாரியில் இருந்தால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆனால் வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பேக்கை உருவுவதே புதுக் காயம். தானாகக் கரையும் சர்ஜிசெல், ஜெல்ஃபோம், நேசோபோர் போன்றவை அவர்களுக்குத்தான். அமெரிக்க இ.என்.டி. மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. குறை என்னவென்றால் அழுத்தம் போதாது. ரத்தம் வேகமாகக் கொட்டினால் நிற்காமல் நழுவிவிடும்.

ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்தால் பேக்கே வேண்டாமே என்று கேட்கலாம். பிரிட்டனில் 496 பேரிடம் சோதித்து 2021இல் வெளியான ஆய்வில், அமிலம் வைத்தவர்களில் 43.7 சதவீதம் பேருக்கும், வெறும் நீர் வைத்தவர்களில் 41.3 சதவீதம் பேருக்கும் கடைசியில் பேக் தேவைப்பட்டது. அதாவது, அமிலத்தால் பேக் தவிரவில்லை.

முன்பக்கம் அடைத்தும் தொண்டைக்குள் ரத்தம் வழிந்தால் கசிவு பின்பக்கம். அங்கே ஃபோலி கதீட்டரோ (நுனியில் பலூன் உள்ள குழாய்) இரட்டைப் பலூனோ வைப்பார்கள். இது வார்டில் சேர்த்து, ஆக்சிஜன் அளவைப் பார்த்தபடியே வைக்க வேண்டியது. கதீட்டர் நழுவாமல் வெளியே போடும் கிளிப் மூக்கு நுனியில் அழுத்தினால் தோல் செத்துவிடும், அடியில் பஞ்சு வைக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மூன்றாவது பேக்கைத் தேடுவதைவிட, எண்டோஸ்கோப்பி வழியாக, மூக்கின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் ஸ்பீனோபாலட்டைன் தமனியை அடைத்துவிடுவதே நல்லது.