பி.எம்.பி படித்து நான்கு வருடம் ஆகிறது: எங்கள் கப்பலூர் பட்டறையில் நின்றதும் நிற்காததும்

கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்பு ஷெட் செய்து, சைட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் புராஜெக்ட் பொறுப்பில் இருக்கிறேன். அரிசி ஆலை, கோடவுன், கல்யாண மண்டபம், தீவனக் கிடங்கு என்று வருடத்துக்குப் பதினைந்து இருபது வேலை வரும். 2022இல் பி.எம்.பி (புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்) பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதித் தேறினேன், போன வருடம் சான்றிதழைப் புதுப்பித்தும் ஆயிற்று. தேறிய சூட்டோடு எழுதியிருந்தால் எல்லாமே பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன். நான்கு வருடம் பட்டறையில் வைத்துப் பார்த்த பிறகு சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன, அதிலும் "இதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குத்தானே" என்று கேட்கிற சின்ன நிறுவனங்களுக்குச் சொல்ல நிறையவே இருக்கிறது.

முதலில் நான் ஏன் போனேன் என்பது. 2019இல் உசிலம்பட்டி பக்கம் ஒரு கோடவுன் வேலை. தூணுக்குத் தூண் 6 மீட்டர் என்று டிராயிங். லாரி உள்ளே திரும்ப வசதியாக ஒரு பேவை (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடைவெளியை) மட்டும் 7 மீட்டர் ஆக்கி அடுத்ததை 5 மீட்டர் ஆக்கிவிடுங்கள் என்று பார்ட்டி போனில் எங்கள் சைட் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மேஸ்திரியிடம் சொல்லி, தூணைப் பிடிக்கிற ஆங்கர் போல்ட்டை அதற்கேற்றபடி வைத்துக் கான்கிரீட்டும் போட்டாயிற்று, பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. தூண் நின்றது, கூரையின் சாய்வு உத்திரமான ராஃப்டர் ஏறியது, அதன் மேல் குறுக்கே வந்து ஷீட்டைத் தாங்குகிற பர்லினைத் தூக்கி வைத்தபோது ஒரு முனை அதைப் பிடிக்கிற கிளீட்டில் உட்கார்ந்திருக்க, மறுமுனை ஒரு மீட்டர் எட்டாமல் காற்றில் நின்றது. கீழே கிரேன் வாடகைக்கு நிற்கிறது, மேலே இரண்டு பையன்கள் பர்லினைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். புதிதாக வெட்டி, ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்து அனுப்ப நான்கு நாள் ஆனது. இதில் தப்பு செய்தது யார் என்று யோசித்தால் ஒருவரையும் சொல்ல முடியவில்லை, மாற்றத்தை எழுதி வைக்க ஒரு இடம் எங்களிடம் இல்லை என்பதுதான் உண்மை. அந்த நான்கு நாள்தான் என்னைப் படிக்க அனுப்பியது.

பயிற்சி தேடியதில் முதல் அனுபவம் மோசம். ஒரு இடத்தில் முன்பணம் கட்டிவிட்டேன், பெயர் வேண்டாம். பாடமே இல்லை. கேள்வித் தொகுப்பைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், "நிச்சயத் தேர்ச்சி" என்று வேறு சொன்னார்கள். இரண்டு வகுப்போடு வந்துவிட்டேன், முன்பணம் திரும்பி வரவில்லை. அப்புறம் பி.எம்.ஐ. (பி.எம்.பி சான்றிதழ் தருகிற அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஒரு பயிற்சி நிறுவனத்தில், சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். சி.ஏ.பி.எம். என்கிற தொடக்க நிலைச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களுக்கு 35 மணி நேர வகுப்பு கட்டாயம். நான் விண்ணப்பித்தபோது, நான்கு வருடப் பட்டம் இருந்தால் புராஜெக்டை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டியிருந்தது, டிப்ளமோ என்றால் 60 மாதம். நீங்கள் எந்த வேலையில் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும், சிலருடைய விண்ணப்பத்தை எடுத்துச் சரிபார்க்கவும் செய்வார்கள். அதனால் பழைய வேலைகளின் தேதி, பொறுப்பு, மேலதிகாரி பெயர் எல்லாவற்றையும் முதலிலேயே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதற்கே இரண்டு வாரம் ஆனது.

2022இல் நான் எழுதியபோது தேர்வு 180 கேள்வி, 230 நிமிடம், நடுவில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை. மனப்பாடக் கேள்வி குறைவு. "இப்படி ஒரு சிக்கல், புராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்" என்கிற மாதிரிதான் பெரும்பாலும் வரும். அப்போது பாதியளவு அஜைல் (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து, போகப் போகத் திட்டத்தை மாற்றிக்கொள்வது), ஹைபிரிட் (அதையும் பழைய முறையையும் கலப்பது) முறைகளிலிருந்து வந்தது, ஷெட் கட்டுகிற எனக்கு அந்தப் பகுதிதான் கஷ்டமாக இருந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். ஆனால் ஆடி மாதம், எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர் போட்டுவிடுவார்கள், கரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் ஒரு தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதினேன். வகுப்பில் சொன்ன ரிஸ்க் பட்டியலை (என்னென்ன கெட்டுப்போகலாம், அதற்கு என்ன செய்யலாம் என்பதை) எனக்காகப் போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சரி, திரும்பி வந்து பட்டறையில் என்ன நின்றது என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலே நின்றது கிரிட்டிக்கல் பாத். எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அந்த வேலைகளின் சங்கிலி. இதை நான் பட்டறையில் சொன்னபோது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றுதான் நினைத்தார்கள். 1957இல் டியூபாண்ட் என்கிற ரசாயனக் கம்பெனிக்காரர்கள் ஆலை கட்டவும், ஆலையை நிறுத்திப் பராமரிக்கவும் உருவாக்கிய கணக்கு இது, நம்ம மாதிரி ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்காக வந்தது என்று சொன்ன பிறகுதான் ஃபோர்மேன் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஷெட்டுக்கு எல்லா வேலையையும் சீட்டில் எழுதித் தரையில் பரப்பினோம். வெல்டிங்தான் நேரத்தைத் தின்கிறது என்று பல வருடமாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். சீட்டை அடுக்கிப் பார்த்தால், கலர் ரூஃபிங் ஷீட்! நாங்கள் கேட்கிற நிறத்திலும் நீளத்திலும் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். கடைசியில் மாட்டுகிற பொருள் என்பதால் கடைசியில்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தோம், தூணும் ராஃப்டரும் நிமிர்ந்து நின்று ஷீட்டுக்காகக் காத்துக்கிடக்கும். இப்போது டிராயிங்கில் பார்ட்டி கையெழுத்துப் போட்ட அன்றே ஷீட் ஆர்டர் போய்விடும். இந்த ஒரு மாற்றத்திலேயே வகுப்புக்குக் கட்டிய பணம் திரும்பி வந்துவிட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்து மூன்று புள்ளி மதிப்பீடு. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கொண்டுவந்த பெர்ட் முறையிலிருந்து வந்தது. ஃபோர்மேன் அண்ணனிடம் "தூண் வெல்டிங் எத்தனை நாள் ஆகும்ணே" என்று கேட்டால் முன்பெல்லாம் "பத்து நாள்ல முடிச்சிரலாம் தம்பி" என்பார், எதைக் கேட்டாலும் பத்து நாள்தான். இப்போது மூன்றாகக் கேட்கிறேன். எல்லாம் நல்லபடியாகப் போனால் 8 நாள், வழக்கமாக 11 நாள், கரண்டும் போய் ஆளும் வராவிட்டால் 20 நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 12. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டு நாள்தானே என்று தோன்றும், ஆனால் எனக்குப் பிடித்தது அந்த 20 என்கிற எண். அதைக் கேட்கும்போதுதான் அவர் மனசுக்குள் வைத்திருக்கிற பயமெல்லாம் வெளியே வரும். "ரெண்டு வெல்டரும் ஒரே ஊரு தம்பி, அந்த வாரம் அவங்க ஊர்த் திருவிழா" என்று ஒரு நாள் சொன்னார். முன்பாக இருந்தால் திருவிழா அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

மாற்றப் பதிவேடும் நின்றது. ஒரு லாங் சைஸ் நோட்டு, அவ்வளவுதான். தேதி, யார் சொன்னது, என்ன மாற்றம், எத்தனை நாள், எவ்வளவு பணம், யார் ஒப்புக்கொண்டது. பார்ட்டி போனில் என்ன சொன்னாலும் சரி, நோட்டில் ஏறி, வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து பதில் வராமல் பட்டறையில் ஒரு ஓட்டைகூடப் போட மாட்டோம். ஆரம்பத்தில் பார்ட்டிகள் கோபித்துக்கொண்டார்கள். முதலாளிக்குமே சங்கடம், பழகிய மனுசங்க தப்பா நினைப்பாங்களே என்று. ஆறேழு மாதம் போன பிறகு பில் நேரத்தில் வாக்குவாதம் குறைந்ததைப் பார்த்து அவரே "நோட்டுல எழுதியாச்சா" என்று கேட்க ஆரம்பித்தார்.

நிற்காதது என்றால் எர்ண்ட் வேல்யூ, அதாவது முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கு. கணக்கில் ஒரு குறையும் இல்லை. 40 லட்ச ரூபாய் வேலையில் இந்நேரம் 20 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 15 லட்சத்துக்கு, செலவானது 18 லட்சம் என்று வையுங்கள். 15ஐ 18ஆல் வகுத்தால் 0.83, இதே போக்கில் போனால் 40 லட்ச வேலை 48 லட்சத்தில்தான் போய் முடியும் என்று பாதியிலேயே சொல்லிவிடலாம். அருமையான கருவி, ஆனால் அன்றன்றைய செலவு அன்றன்றைக்கே ஏறினால்தான் உண்டு. எங்கள் ஸ்டோர்ஸில் ராடும் கேஸும் எந்த வேலைக்குப் போனது என்று வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்துதான் எழுதுவார்கள். ஒரு வருடம் முயன்றேன். இப்போது பெரிய வேலைகளுக்கு மட்டும், மாதம் ஒரு முறை, தோராயமாகப் போடுகிறோம். பி.எம்.ஐ.யின் கையேடான பிம்பாக்கில், 2017இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 புராசஸ் இருக்கும், 2021இல் வந்த ஏழாம் பதிப்பு பாதையையே மாற்றி 12 கொள்கைகள் என்று வந்தது. இரண்டையும் படித்தேன், எங்கள் மாதிரி அறுபது பேர் வேலை பார்க்கிற இடத்தில் கைக்கு வருவது ஏழெட்டு விஷயம்தான்.

முதல் வருடம் ஏன் எல்லாமே தடுமாறியது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய முதலாளிகள் இதே தவறைச் செய்கிறார்கள். என்னை மட்டும் அனுப்பினார்கள். நான் ஸ்கோப், ஸ்டேக்ஹோல்டர், ஃப்ளோட் என்று பேச, மற்ற எல்லோரும் பழைய பேச்சே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து இரண்டு நாள் வகுப்பு வைத்தோம், முழுக்க ஆங்கில ஸ்லைடு. ஃபிட்டர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்து மரியாதையாக எழுந்து போனார்கள், ஒரு கேள்வி வரவில்லை. மூன்றாவதாக நானும் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் ஐயாவும் சேர்ந்து, தமிழில், எங்கள் உசிலம்பட்டி டிராயிங்கையே சுவரில் ஒட்டி நடத்தினோம். ஃபோர்மேன், ஸ்டோர்ஸ் அக்கா, சைட் சூப்பர்வைசர்கள், பர்சேஸ் பையன், லாரி பார்க்கிறவர் என்று பன்னிரண்டு பேர். அந்தப் பர்லின் கதையை அவரவர் பக்கத்திலிருந்து சொல்லச் சொன்னோம். சூப்பர்வைசர் சொல்லி முடித்ததும் ஸ்டோர்ஸ் அக்கா, "அன்னைக்கு எனக்கு ஒரு போன் போட்டிருந்தா பர்லின் இன்னும் வெட்டலன்னு சொல்லியிருப்பேனே" என்றார். நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாடம் அந்த வரிதான், எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

புரோகிராம் மேனேஜ்மென்ட் பற்றித் தனியாகச் சொல்கிறேன், பலரும் புராஜெக்டையும் புரோகிராமையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 2023இல் நாங்கள் கே.புதூரிலிருந்து கப்பலூருக்கு மாறினோம். புது ஷெட், இரும்புத் தகட்டை மடிக்கிற புது பெண்டிங் மெஷின், கணக்குக்குப் புது சாஃப்ட்வேர், மூன்றுக்கும் மூன்று பேர் பொறுப்பு. மூவரும் தேதிக்கு முடித்தார்கள். ஆனால் உயரழுத்த மின் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுப்பது யார் வேலை என்று நாங்கள் யாருக்கும் ஒதுக்கவில்லை, ஷெட்காரர் மெஷின்காரர் பார்ப்பார் என்று இருந்தார், மெஷின்காரர் ஷெட்காரர் பார்ப்பார் என்று இருந்தார். இரண்டு மாதம் மெஷின் பாலித்தீன் கவர் போர்த்தியபடி நின்றது, நாங்கள் பெண்டிங்கை வெளியே கொடுத்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று புராஜெக்டும் வெற்றி, அதனால் வர வேண்டிய பலன் மட்டும் வரவில்லை. புராஜெக்ட் பொருளைக் கொடுக்கும், பல புராஜெக்டைச் சேர்த்துப் பிடித்துப் பலனை வாங்கிக் கொடுப்பது புரோகிராம். பி.எம்.பி படித்த நானே இதைத் தவறவிட்டேன் என்பதால் அதற்கென்று தனியாக ஒரு குறுகிய வகுப்பும் எடுத்தேன். புரோகிராமுக்கு பி.ஜி.எம்.பி என்று தனிச் சான்றிதழ் உண்டு, அதற்கு அனுபவம் நிறையக் கேட்பார்கள், நான் எழுதவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கச் சித்திரைத் திருவிழாவை விட நல்ல உதாரணம் கிடையாது. மீனாட்சி கல்யாணம் ஒரு கோயில், தேரோட்டம் நான்கு மாசி வீதி, அழகர் புறப்படுவது அழகர்கோயிலிலிருந்து, ஆற்றுக்குத் தண்ணீர் வர வேண்டியது வைகை அணையிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு, துறை வேறு, முறை வேறு. எல்லாம் ஒழுங்காக நடந்தும் அணைத் தண்ணீர் அன்று காலைக்குள் வந்து சேரவில்லை என்றால் ஆற்றில் இறங்குவது எப்படி இருக்கும்? மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்று சொல்வார்கள். இதை வகுப்பில் சொன்னபோது லாரி பார்க்கிறவர், "அப்ப நமக்குத் தண்ணி கரண்டுதானே" என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமை காலை அரை மணி நேரம், எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே கூட்டம், முதலாளி முன்னால், நின்றுகொண்டே நடக்கிறது. எது யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது என்பதுதான் அதில் முதல் கேள்வி.

பி.எம்.பி சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்குள் 60 பி.டி.யு. (தேறிய பிறகும் தொடர்ந்து கற்பதற்கும் தொழிலில் பங்களிப்பதற்கும் கிடைக்கிற புள்ளி) சேர்க்க வேண்டும், அதில் 35ஆவது படிப்பாக இருக்க வேண்டும். இலவச இணைய வகுப்புகளிலேயே பெரும்பகுதி சேர்ந்துவிடும், கடைசி மாதத்துக்கு வைத்துக்கொண்டு அவதிப்படாதீர்கள்.

சின்ன நிறுவனம் என்றால் என் யோசனை, சான்றிதழுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு நாள் தமிழ் வகுப்பு வையுங்கள், உங்கள் சொந்த வேலையில் கெட்டுப்போன ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டோர்ஸ் ஆளையும் கூப்பிடுங்கள். அப்புறம் ஒருவரை பி.எம்.பி.க்கு அனுப்பினால் அவர் திரும்பி வரும்போது பேசுவதற்கு ஆள் இருக்கும். எங்கள் டிப்ளமோ தம்பி ஒருவனுக்கு 60 மாதம் ஆக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை தொடக்க நிலையான சி.ஏ.பி.எம். எழுதட்டும், அதற்கு 23 மணி நேர வகுப்பு போதும், அனுபவம் கேட்க மாட்டார்கள். பாதிக் கட்டணம் கம்பெனி தரும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார், வகுப்பு ஆவணியில் தொடங்குகிறது.