ஆன்லைன் எம்.பி.ஏ. என்று நம்பி 72,000 ரூபாயைத் தொலைத்துவிட்டேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக வராது. ஆனால் இப்போது ஜனவரி பருவச் சேர்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் பேசிய அதே பேச்சை இந்த நிமிடம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறப்போட்டு எழுதினால் அவருக்குப் பயன்படாது. நடந்ததைச் சொல்கிறேன், சேர்வதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறேன். பி.காம். படித்தவள். பையருக்கு மெயில் போடுவது, காஸ்டிங் ஷீட் போடுவது, நூல் விலை ஏறினால் ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கை மாற்றுவது, ஷிப்மெண்ட் தேதிக்கு ஓடுவது எல்லாம் என் வேலைதான். போன வருடம் மேனேஜர் இடம் காலியானது. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையனுக்கு அது போனது. அவனிடம் எம்.பி.ஏ. இருந்தது. “மேல டிகிரி கேக்கறாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்” என்றார் எங்கள் ஜி.எம். சார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன், படித்துவிடுவது என்று.

டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி முழுநேரம் படிக்க என்னால் முடியாது. மகள் மூன்றாம் வகுப்பு, வேலையை விட்டால் வீடு ஓடாது. ஆன்லைன் எம்.பி.ஏ. பற்றி விசாரித்தேன். அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் அறிவித்திருக்கிறது. அது உண்மை. இன்றும் அந்தப் படிப்பு மேல் எனக்குக் குறை கிடையாது. என் குறையெல்லாம் நடுவில் நின்றவர்கள் மேல்.

போன ஜூலை கடைசியில் ஒரு ஆப் பார்த்தேன். பல பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் படிப்புகளை ஒப்பிட்டுக் காட்டி, சேர்த்தும் விடுவார்கள் என்று போட்டிருந்தது. பெயர், போன் நம்பர் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது. ஒரு பெண். முதலில் “மேடம்” என்றாள், இரண்டு நிமிடத்தில் “அக்கா” ஆகிவிட்டேன்.

அந்தப் பேச்சைத்தான் மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டணத்தைப் பற்றி அவள் முதலில் பேசவே இல்லை. “ஏன்க்கா எம்.பி.ஏ. படிக்கணும்னு தோணுச்சு” என்று கேட்டாள். அதை என்னிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை, என் வீட்டுக்காரர்கூட. மேனேஜர் இடம் போனதைச் சொன்னேன், சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் அவசரப்படாமல் கேட்டாள். “அக்கா, நானும் எங்க வீட்ல முதல் பட்டதாரிதான். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்றாள். பிறகு வீடியோ காலில் அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டி யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்தாள். பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், அதற்கு நேராக எம்.பி.ஏ., ஆன்லைன் அனுமதி எல்லாம் இருந்தது. “நீங்களே உங்க போன்ல பாத்துக்கங்கக்கா, நான் சொல்றத நம்பாதீங்க” என்றாள். பார்த்தேன். அதே பெயர் இருந்தது. அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

பல்கலைக்கழகம் நிஜம், அனுமதி நிஜம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. போலிப் பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. பட்டியல் வெளியிடுகிறது, அதைப் பார்த்துத் தப்பிக்கலாம். நிஜப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டி ஏமாற்றினால் எந்தப் பட்டியலில் போய்ப் பார்ப்பது?

மொத்தக் கட்டணம் 72,000 என்றாள். “12,000 மட்டும் இப்ப கட்டுங்க, மீதி 60,000 பன்னெண்டு தவணை, வட்டியே கிடையாது, இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட ஜூலை பேட்ச் க்ளோஸ்.” சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. யு.பி.ஐ.யில் அனுப்பினேன். பெற்றவர் பெயராக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயர் வந்தது. கேட்டதற்கு, “அது எங்க பேமெண்ட் பார்ட்னர்க்கா” என்றாள். ஆதார் ஓ.டி.பி. வந்தது. “அப்ளிகேஷன் வெரிஃபிகேஷன்க்கா, சொல்லுங்க.” சொன்னேன். இன்னொன்று வந்தது. அதையும் சொன்னேன்.

அந்த இரண்டாவது ஓ.டி.பி. ஒரு கடன் ஒப்பந்தத்துக்கு நான் போட்ட மின்கையெழுத்து. தவணை என்று அவள் சொன்னது கல்விக் கட்டணத் தவணையே இல்லை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் 60,000 கடன் போட்டு, மொத்தத்தையும் அந்த ஆப்காரர்களுக்குக் கொடுத்துவிட்டது. நான் மாதம் 5,000 அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மெயிலில் கடன் விவர அறிக்கை அன்றே வந்திருக்கிறது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, அட்மிஷன் மெயில் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் லாகின் வந்தது. ஒன்பதாவது நாள் என்பதைக் கவனியுங்கள், பின்னால் சொல்கிறேன். உள்ளே வகுப்பு எதுவும் இல்லை, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். பதினொன்று கிடந்தன. ஆன்லைன் படிப்பு என்றால் வீடியோ பாடம், மின் பாடநூல், சுயமதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல் தளம் என்று நான்கும் இருக்க வேண்டும் என்பது விதி. அதெல்லாம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, பல்கலைக்கழகம் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்து, அந்த பி.டி.எஃப்.களையே பிரிண்ட் எடுத்து ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படித்தேன். மேலாண்மைக் கோட்பாடுகள் தாளில் ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகள் என்று தலைப்பு. வேலைப் பகிர்வு, அதிகாரமும் பொறுப்பும், ஒழுக்கம், ஒரே மேலாளரின் கட்டளை என்று வரிசையாக வந்து ஒன்பதோடு நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தில் மாஸ்லோவின் தேவைப் படிநிலை. நடுவில் பக்கமே இல்லை. மாணவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். “அகடமிக் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கோம்” என்று பதில் வந்தது. ஐந்து மாதமாகியும் அந்தப் பக்கம் வரவில்லை. மீதி ஐந்தையும் நூலகத்தில் போய் எழுதிக்கொண்டு வந்தேன். பத்தாவது, எந்தப் பொருளும் எந்த ஆளும் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது. பதினொன்றாவது, வேலை செய்பவரை நியாயமாக நடத்துவது. அதைப் படித்துவிட்டு எங்கள் கம்பெனி ஃபினிஷிங் செக்‌ஷனை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு ஆசையாகப் படித்தேன் தெரியுமா. நடைமுறை மூலதனம் பற்றி ஒரு பாடம் இருந்தது. துணிக்கும் சாயத்துக்கும் இன்று பணம் கொடுத்துவிட்டு பையரிடமிருந்து தொண்ணூறு நாள் கழித்து வாங்குகிறோமே, அந்த இடைவெளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது எட்டு வருடம் கழித்து முதல்முறையாகப் புரிந்தது.

ஜனவரி ஆரம்பத்தில் எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பெண் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ. முதல் பருவம். அசைன்மெண்ட் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். அசைன்மெண்ட் உள்ளிட்ட அகமதிப்பீட்டுக்கு 30 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 70. எனக்கு அசைன்மெண்ட் என்று ஒன்று வரவே இல்லை. “உங்க டெப் ஐ.டி. எண்ணைச் சொல்லுங்கக்கா, நான் பாக்கறேன்” என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. 2024இலிருந்து ஆன்லைன், தொலைநிலைப் படிப்பில் சேர்பவர் எல்லாரும் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் தானே போய் அந்த மாணவர் அடையாள எண்ணை எடுக்க வேண்டும், அது இல்லாமல் சேர்க்கையே கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தப் பெண்ணுக்கு அடித்தேன், நம்பர் உபயோகத்தில் இல்லை. உதவி எண்ணில், “அந்த மேடம் ரிசைன் பண்ணிட்டாங்க, டிக்கெட் போடுங்க, 48 மணி நேரத்துல கூப்பிடுவோம்” என்றார்கள். டிக்கெட் போட்டேன். மூன்றாம் நாள் “உங்கள் குறை தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி தீர்க்கப்பட்டது. நான்கு முறை. வாட்ஸ்அப் குழுவில் “யாருக்காவது ஹால் டிக்கெட் வந்ததா” என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஒருமுறை ஒரு சார் பேசினார். “யுனிவர்சிட்டி பக்கம் டிலே மேடம், உங்க பேர் ரெண்டாவது பேட்ச்ல இருக்கு.” பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். “பணம் கட்டுன ஏழு நாளைக்குள்ள கேட்டிருக்கணும்.” எனக்கு லாகின் கொடுத்ததே ஒன்பதாவது நாள்! அதைச் சொன்னதும் லைன் கட்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் பேசினேன். “லோன் உங்க பேர்ல இருக்கு. படிப்பு வந்துச்சா வரலையாங்கறது எங்களுக்குச் சம்பந்தம் இல்ல. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் போயிடும்” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து ஐந்து தவணை, 25,000 போய்விட்டது. முதலில் கட்டிய 12,000 சேர்த்து 37,000. மீதி 35,000 இன்னும் கட்ட வேண்டும். எதுவுமே இல்லாத ஒன்றுக்கு மொத்தம் 72,000.

மூன்று நாள் முன்பு அந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து என் மெயிலுக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. இந்தச் சேர்க்கை எண் எங்கள் பதிவேட்டில் இல்லை, எங்களுக்கு முகவர்கள் யாரும் இல்லை. அவ்வளவுதான். நான் அடையாள அட்டை என்று லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தது ஒரு வெறும் படம். என் மகள் அதைப் பார்த்து “அம்மாவும் ஸ்டூடண்ட்” என்று பள்ளியில் சொல்லியிருக்கிறாள். அதை அவளிடம் எப்படி எடுத்துச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. 72,000 போனதை வீட்டுக்காரரிடம் நேற்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்துப் பதிவு செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லியிருக்கிறேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போவேன்.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், மனசு ஒரு நிலையில் இல்லை. அவசரமாக இதையாவது சொல்லிவிடுகிறேன். யு.ஜி.சி. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களே போய், அதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, இன்னார் உங்கள் ஆட்களா என்று கேளுங்கள். அடுத்தவருக்கு ஃபிரான்சைஸ் கொடுத்துப் படிப்பு நடத்த யு.ஜி.சி.யின் 2020 விதிமுறையில் இடமே இல்லை. பணம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குத்தான் போக வேண்டும். டெப் ஐ.டி.யை நீங்களே எடுங்கள், “நாங்க போட்டுத்தரோம்” என்றால் போனை வையுங்கள். ஓ.டி.பி. எதற்கு என்று பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்கும், முழுதாகப் படியுங்கள். நான் படிக்கவில்லை. தவணை என்று யாராவது சொன்னால், கடனா என்று நேராகக் கேளுங்கள். கடன் வாங்கிய உடனே ரத்து செய்ய ஒரு குறுகிய அவகாசம் உண்டு, அதைத் தவறவிட்டால் என் கதிதான்.

வேறு நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். இதே மாதிரி ஆப்பில் சேர்ந்து ஹால் டிக்கெட் வராதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். நாளை மறுநாள் 5ஆம் தேதி. ஆறாவது தவணைக்குக் கணக்கில் 5,000 வைத்தாக வேண்டும்.