பழைய செட் வாங்க சஞ்சார் சாத்தி மட்டும் போதுமா?

களியக்காவிளை, மார்த்தாண்டம், எல்லை தாண்டினால் கேரளத்தின் பாறசாலை என்று எந்தப் பழைய செல்போன் கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "சஞ்சார் சாத்தியில போட்டுப் பாருங்க, செட் கிளீன்." மத்திய தொலைத்தொடர்புத் துறையின் இந்தச் சேவை 2023 மே மாதம் இணையதளமாகவும், 2025 ஜனவரியில் ஆப்பாகவும் வந்தது. காசு கிடையாது, நல்ல சேவை. ஆனால் திருட்டு செட்டா என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். கடத்தல் செட்டா என்று அதற்குத் தெரியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை நீட்டுகிறார்கள்.

முதலில் அது ஒழுங்காகச் செய்யும் வேலையைப் பார்ப்போம். வாங்கப் போகும் செட்டில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த செட்டின் தனி அடையாள எண் வரும். இரட்டை சிம் என்றால் இரண்டு எண். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு எண் என்று அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். உங்கள் போனிலிருந்தே அனுப்புங்கள். கடைக்காரர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் எந்த செட்டுக்கு எடுத்ததோ யாருக்குத் தெரியும்! இரண்டு எண்ணையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணின் முதல் 8 இலக்கம் மாடலைக் குறிக்கும். அதனால் பதிலில் வரும் கம்பெனி பெயரும் மாடலும் கையில் உள்ள செட்டோடு ஒத்துப்போக வேண்டும். வேறு மாடல் வந்தால் போர்டு மாற்றியிருக்கிறார்கள், அல்லது எண்ணையே மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐயைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடைசி இலக்கம் மற்ற எண்களைக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். ஆகவே நடுவில் ஓர் எண் தப்பினாலும் செல்லாத எண் ஆகிவிடும். அப்படி வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாமல் இன்னொரு முறை நிதானமாக அடித்துப் பாருங்கள். பிளாக்லிஸ்டட், டூப்ளிகேட், ஆல்ரெடி இன் யூஸ் இந்த மூன்றில் எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே துறையின் அறிவுரை. இந்த மட்டில் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இனி கடத்தல் செட். கடைகளில் இதற்கு கிரே மார்க்கெட் சரக்கு என்று பெயர். இந்தப் பெயர் பாதி நியாயமான வியாபாரம் போல ஒலிப்பதால் வாங்குபவர் மனசு இளகிவிடுகிறது. வெளிநாடுகளில் இந்தச் சொல், வரி கட்டியிருந்தும் கம்பெனியின் அங்கீகரித்த விற்பனையாளர் வழியாக வராத சரக்கையும் குறிக்கும். நம் கடைகளில் 'துபாய் செட்', 'பில் இல்லாத செட்' என்று கை மாறுவதோ பெரும்பாலும் குருவிகள், அதாவது கூலிக்குச் சரக்கு சுமந்து வருபவர்கள், வரி கட்டாமல் கொண்டுவந்த சரக்கு. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் இதற்கு மழுப்பலான பெயர் கிடையாது. பறிமுதலுக்கு உரியதாகும்படி சரக்கைக் கொண்டுவரும் எந்தச் செயலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கடத்தல்தான். தெரிந்தே அதை வாங்கி வைத்திருப்பவர் மீதும் 135ஆம் பிரிவு பாயும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் அண்ணன் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் போன் வேறு. பெட்டி பிரிக்காமல் கட்டுக்கட்டாக வந்து கடைக் கண்ணாடிக்குள் அடுக்கப்படும் போன் வேறு.

இதைக் கறுப்புச் சந்தையோடும் குழப்ப வேண்டாம். ரேஷன் அரிசி எல்லை தாண்டிப் போய் அதிக விலைக்கு விற்பதுதான் கறுப்புச் சந்தை. அதற்கு 1980ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. போனில் நடப்பது தலைகீழ்: விலை குறைவாக இருப்பதுதான் தூண்டில். 2024 ஜூலையில் போன் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இதை ஏய்த்த பணத்தில் ஒரு பங்கைத்தான் உங்களுக்குத் தள்ளுபடி என்று காட்டுகிறார்கள். செட் அசல், எண்ணும் அசல் என்பதால் சஞ்சார் சாத்தி சரி என்றே சொல்லும்.

கடத்தல் செட்டா என்று அறியக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். மார்த்தாண்டம் கடையின் பில்லில் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்கான 33 என்றும், பாறசாலைக் கடையின் பில்லில் கேரளத்துக்கான 32 என்றும் தொடங்க வேண்டும். எண்ணும் ஆங்கில எழுத்துமாக மொத்தம் 15 இடம். புது செட் என்றால் கடையில் நேரில் வாங்கும்போது மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டிருக்க வேண்டும். ஐஎம்இஐ இல்லாத பில் வெறும் துண்டுச் சீட்டு. பெட்டியில் ரூபாயில் எம்ஆர்பியும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் அச்சாகியிருக்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் மாடல் எண்ணைப் பாருங்கள்: கடைசியில் சாய்கோட்டுக்கு முன் எச்என் இருந்தால் இந்தியாவுக்கானது, எல்எல் என்றால் அமெரிக்காவுக்கானது. அமெரிக்க ஐபோனில் 14 முதல் சிம் போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் மாற்றிக் கொடுத்தது. 'பெட்டி பிரிக்காதது' என்று விற்கும் செட்டில் எஃப் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"கஸ்டம்ஸ்ல பிடிச்ச சரக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்பதை நம்பவே வேண்டாம். பறிமுதல் சரக்கு முறையான ஏலத்தில்தான் போகும், அதற்குக் காகிதமும் இருக்கும்.

சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த செட்டை முடக்கும் வசதியும் இருக்கிறது. நாகர்கோவிலில் தொலைந்த போனில் பாலக்காட்டில் கேரள சிம் போட்டாலும் அகப்படும். முதலில் போலீஸில் புகார், அடுத்து அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம், அப்புறம்தான் தளத்தில் விண்ணப்பம். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் ஓடிபி வரவில்லை என்று சேவையைத் திட்டுபவர்கள் நிறைய. விண்ணப்பித்ததும் வரும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். செட் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அதைத்தான் கேட்பார்கள்.