விளக்கா, வெள்ளி ரூபாயா, அஞ்சல் தலையா, தோல் பையா: ஏலத் தளத்தில் எதை விற்பது?

மும்பையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், இணைய ஏலத் தளத்தில் எதையாவது விற்கலாமா என்ற பேச்சு எழுந்தால் பெரும்பாலும் நான்கு பொருள்கள்தாம் முன்னுக்கு வருகின்றன: ஊரிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கு, தாத்தா சேர்த்து வைத்த வெள்ளி ரூபாய்கள், பள்ளிக் காலத்து அஞ்சல் தலை ஆல்பம், தாராவியில் உறவினர் பட்டறையில் தைக்கும் தோல் பை. இவற்றை நான் இரண்டு கேள்விகளால் நிறுத்துப் பார்க்கிறேன். நம் நாட்டுச் சட்டமும் தளத்தின் விதியும் இதை அனுமதிக்கின்றனவா என்பது ஒன்று. இதன் விலையை நான் நிர்ணயிப்பதைவிட, வாங்குவோர் தமக்குள் போட்டியிட்டு நிர்ணயித்தால் எனக்கு நன்மை உண்டா என்பது மற்றொன்று. பல நாடுகளில் இயங்கும் ஏலத் தளமான ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14-இல் மூடப்பட்ட பிறகு, இங்கிருந்து ஈபேயில் விற்பவர் வெளிநாட்டாருக்கே விற்கிறார் என்பதால், முதல் கேள்வியில் ஏற்றுமதிச் சட்டம்தான் பெரும்பங்கு வகிக்கிறது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பாட்டியின் விளக்கு எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதற்கு யாரிடமும் ரசீது இருக்காது. சோர் பஜாரின் மட்டன் தெருவில் வாங்கிய புது விளக்காகவே இருந்தாலும், விற்பனைத் தலைப்பில் அழகுக்காக 'ஆண்டிக்' என்று எழுதிவிட்டால், சுங்க அதிகாரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை வழங்குகிறது; அதன் மும்பை வட்ட அலுவலகம் நம் சயான் கோட்டையிலேயே இருக்கிறது. விளக்கை அனுப்பியே தீர வேண்டும் என்பவர் படம் எடுப்பதற்கு முன் அங்கே போய்க் கேட்க வேண்டும். கனமான பித்தளைக்கு ஆகும் அஞ்சல் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அலைச்சலுக்கு ஈடாக மிஞ்சுவது குறைவு.

உண்மையான போட்டி நாணயத்துக்கும் அஞ்சல் தலைக்கும் இடையில்தான். வெள்ளி ரூபாய்க்கு ஏலத்தில் இயல்பான வரவேற்பு உண்டு. 1911-இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் மார்பில் இருந்த யானைப் பதக்கம் பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றிபோலத் தெரிந்ததால் அந்த அச்சையே மாற்றினார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். ஆனால் அது நூறாண்டைக் கடந்துவிட்டது, ஆகவே வெளிநாட்டு ஏலத்துக்குப் போகக் கூடாது. இங்கேதான் நாணயத்தின் சிக்கல் இருக்கிறது: 11.66 கிராம் எடையில் 91.7 சதவீத வெள்ளி கொண்ட விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்கள்தாம் மதிப்பு மிக்கவை. அவற்றில் பெரும்பாலானவற்றைத்தான் சட்டம் தடுக்கிறது. உள்நாட்டில் விற்கலாம் என்றாலும், தொல்பொருள் விற்பதைத் தொழிலாகவே செய்பவர் உரிமம் பெற வேண்டும். தடையில்லாமல் அனுப்பக்கூடிய ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களிலோ 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது. பின்பக்கத்தில் புலி நடைபோடும் 1947 ரூபாய் முழுக்க நிக்கல். என் மேசையில் ஒரு சிறு காந்தம் எப்போதும் இருக்கிறது. 1947 ரூபாய் அதில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளி என்று சொல்லித் தரப்படும் பழைய ரூபாய் ஒட்டினால், அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. காந்தத்தில் ஒட்டாதது எல்லாம் வெள்ளி ஆகிவிடாது என்பதால் அடுத்துத் தராசில் வைக்க வேண்டும்.

பழைய நோட்டு, நாணயங்களைத் தன் பெயரில் வாங்குவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்ததையும், செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேலும், ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்துக்கு மேலும் வைத்திருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் நாணயம் விற்க இறங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அஞ்சல் தலையிடம் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. விடுதலைக்குப் பின் வந்த தலைகளே நம் ஆல்பங்களில் மிகுதி. அவற்றுக்கு நூறாண்டுக் கணக்கு வரவில்லை. எடையோ சில கிராம். 1948 ஆகஸ்ட் 15-இல் வெளியான நான்கு காந்தி தலைகளில் பத்து ரூபாய்த் தலையை உலகெங்கும் கேட்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் அச்சான அதற்குப் போலிகளும் ஏராளம் என்பதால், நிபுணர் சான்று இல்லாமல் அதை உண்மைத் தலை என்று எழுதி விற்பது தவறு. பழைய உறைக்குள் கடிதம் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை: இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்குத் தொல்பொருள் வரம்பு 75 ஆண்டுகள்தான்.

அஞ்சல் தலைக்கு மும்பையில் எதிரி சட்டம் அல்ல, மழைக்காலம். ஜூனில் மூடிய ஆல்பத்தை அக்டோபரில் திறந்தால், தலையின் ஓரத்துப் பற்களைச் சுற்றித் தேயிலை தெறித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தெரியும்; பின்பக்கப் பசை தாளோடு ஒட்டியிருக்கும். இதை மறைத்து முன்பக்கத்தை மட்டும் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுவதே நேர்மை. பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதால் அதுவே லாபமும்கூட.

தோல் பை நல்ல பொருள். ஆனால் ஏலத்துக்கு ஏற்றதன்று. ஒரே அச்சில் ஐம்பது பை தைக்க முடியும் என்றால் அதற்காக யாரும் போட்டியிட மாட்டார்கள். குறைந்த விலையில் தொடங்கிய ஏலம் தோல் செலவைக்கூட எட்டாமல் முடிந்துவிடும். நிலையான விலையில் விற்பதே பட்டறைக்கு நியாயம். பிரபல பிராண்டின் முத்திரையைப் பதித்தால் ஏலம் சூடுபிடிக்கும் என்று சில இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். வணிகக் குறிச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது. தளமும் உரிமையாளரின் ஒரு புகாரில் பட்டியலை நீக்கிவிடும். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுபட்டுவிட்டதால், பைக்கு விலை போடும்போது அந்த வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே முதன்முதலில் ஏலத்தில் இறங்குபவருக்கு நான் சொல்வது அஞ்சல் தலைகளையே. அடுத்து ஆறாம் ஜார்ஜ் நாணயங்கள். ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணை (இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கு அரசு தரும் குறியீட்டை) முன்னதாகவே வாங்கிக்கொண்டு, ஒரே காலத்துத் தலைகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஏழு நாள் ஏலமாக வைக்கலாம். விலை ஏறவில்லையே என்று மைத்துனரையோ தங்கையையோ ஏலம் கேட்கச் சொல்வது போலி ஏலக் கேட்பு. தளங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. எந்த விலைக்குக் கீழே தர மனமில்லையோ, அதையே தொடக்க விலையாக வைத்துவிட்டால் அந்தத் தேவையே எழாது.