டிக் போட்டவற்றைத் தேட எந்தக் குவெரி நல்லது?

மருதமுனைக் கைத்தறிக் கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்வதாக வைத்துக்கொள்வோம். சாரம், சேலை, கட்டில் விரிப்பு என்று வாடிக்கையாளர் செக்பாக்ஸ்களில் டிக் போடுவார். டிக் போட்டவற்றின் ஐடிகளை (அடையாள எண்களை) வைத்து டேட்டாபேஸில் எப்படித் தேடுவது?

ஐடிகளைக் கமா போட்டுக் கோர்த்து, குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் தேடல் கட்டளைக்குள், அப்படியே ஒட்டிவிடுவது சுலபம். புதிதாகப் படிக்கும் பிள்ளைகளின் கை முதலில் இதற்குத்தான் போகும். ஆனால் செக்பாக்ஸிலிருந்து வெறும் எண்தான் வரும் என்று நம்ப முடியாது. பிரௌசர் அனுப்புவதை யாரும் மாற்றி அனுப்பலாம். '3' வர வேண்டிய இடத்தில் '3) ஓஆர் (1=1' (3 அல்லது எப்போதும் உண்மையான ஒன்று) என்று வந்தால், விற்பனைக்கு வைக்காத சரக்கும் சேர்ந்து முழு டேபிளும் வெளியே வந்துவிடும். எவ்வளவு சின்னக் கடையாக இருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

அடுத்தது, ஐடிக்கு ஒரு கேள்விக்குறி வைத்து 'இன் (?, ?, ?)' (இவற்றில் ஏதாவது ஒன்று) என்று எழுதி, மதிப்புகளைத் தனியாக அனுப்புவது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் உள்ள ஹோஸ்டிங் என்றால் இதுவே என் தேர்வு. டிக் ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டும் கவனம்: 'இன் ()' என்று வெறும் அடைப்புக்குறி போனால் குவெரி பிழையில் நின்றுவிடும். அப்போது எல்லாவற்றையும் காட்டுவதா, ஒன்றும் காட்டாமல் விடுவதா என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். பட்டியல் நீண்டால் வரம்பும் உண்டு. எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஒரு குவெரிக்கு 2,100 பராமீட்டர் (இப்படித் தனியாக அனுப்பும் மதிப்பு) தான். ஆயிரக்கணக்கில் ஐடி வருமென்றால் டெம்பரரி (தற்காலிக) டேபிளில் போட்டு, சரக்கு டேபிளோடு ஜாயின் செய்வது (இணைப்பது) நல்லது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தால் '= எனி(?)' இன்னும் சுத்தம். முழு அரேயும் (ஐடிகளின் பட்டியலும்) ஒரே பராமீட்டராகப் போகும். அரே காலியாக இருந்தாலும் பிழை வராது, வரிகள்தான் வராது. மைஎஸ்கியூஎல்லில் இதற்குப் பதிலாக கமா போட்ட பட்டியலுக்குள் தேடும் ஃபைண்ட்_இன்_செட் எடுப்பவர்கள் உண்டு. அது இன்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் அட்டவணையை) பயன்படுத்தாமல் டேபிளை வரிவரியாகத் தேடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தவறான சேலை வரலாம். நிறங்கள் தனி டேபிளில் இருக்கின்றன. சிவப்பு, பச்சை இரண்டிலும் டிக் போட்டவருக்கு இரண்டும் கலந்த சேலை வேண்டும். 'இன்', 'எனி' இரண்டுமே ஏதாவது ஒரு நிறம் இருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடும். அப்படியானால் சேலை ஐடிப்படி குரூப் பை செய்து (குழுவாக்கி), பொருந்திய வெவ்வேறு நிறங்களின் எண்ணிக்கை, தேர்ந்த நிறங்களின் எண்ணிக்கைக்குச் சமமா என்று ஹேவிங்கில் (குழுக்களை வடிகட்டும் பகுதியில்) பார்க்க வேண்டும்.