போல்ட்டுக்குப் பதில் வால்வு: நாலு வருஷத்துக் கணக்கு

போன ஞாயிறு மச்சினன் போன் செய்தான். "மாமா, உங்க கார்ல ஆயில் வடிக்க ஒரு வால்வு மாட்டியிருக்கீங்கல்ல, அது ஆஃபர்ல பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. கையில் வேஸ்ட் துணியோடு அதே வால்வுக்கு எதிரே இருபது நிமிடமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது 2016 ஸ்விஃப்ட், பெட்ரோல். இந்த வால்வை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஒரு சர்வீஸில் ஆயில் வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைக் காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன் வைத்து முறுக்கி மரையைத் தின்றுவிட்டார்கள். மறுநாள் காலை போர்டிகோ தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில். போய்க் கேட்டால், "வண்டி பழசாச்சு சார்." இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைப் புதிதாகப் போட்ட கையோடு, இனி இந்த மரைமேல் எவன் ஸ்பேனரும் படக்கூடாது என்று வால்வை மாட்டினேன். என் வண்டியின் மரைக்கு 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கும் மரைக்கும் இடைவெளி. வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்த ஒரு வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. லிவரைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே இருக்கும் துளை போட்ட குண்டு திரும்பி வழிவிடும். ஸ்பிரிங் இருப்பதால் தானாகத் திறந்துகொள்ளாது. நாலு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. முனையில் ட்யூபைச் சொருகிக் காலி கேனுக்குள் விட்டால் தரையும் சுத்தம், கையும் சுத்தம். சுடும் ஆயில் முழங்கைவரை வழிந்த காலம் போயிற்று.

ஆனால் அந்த வேகம் இருக்கிறதே! போல்ட்டைக் கழற்றினால் மூன்று லிட்டர் சொச்சமும் மடமடவென்று கொட்டிவிடும். வால்வின் உள்துளை அதைவிடச் சின்னது. முதலில் நன்றாகத்தான் வரும். உள்ளே மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் இறங்கி, விரல் தடிமனில் வந்தது பென்சிலாகி, பென்சில் நூலாகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டுத்தான் திறக்கிறேன். மேலே ஆயில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி வைத்துப் பார்த்தேன். ஊஹூம். நூல் நூல்தான்.

இன்னொன்று. வால்வின் மரை முனை சேம்பருக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நிற்பது வெளியே வராது. ஒருமுறை சந்தேகத்தில் வால்வையே கழற்றியபோது அரை டம்ளர் கறுப்பாக இறங்கியது. மூன்று லிட்டரில் அது ஒன்றும் குடி முழுகிப்போகிற விஷயமில்லை, எனக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

அப்புறம் ஃபில்டர். அதைக் கழற்ற எப்படியும் முன்பக்கத்தைத் தூக்கிக் கீழே படுத்துத்தான் ஆக வேண்டும். அதிலிருந்து வழிவது வழிந்தே தீரும். வால்வால் மிச்சமான அழுக்கு முழுவதையும் ஃபில்டர் திருப்பிக் கொடுத்துவிடும்.

வேகத்தடையில் தட்டாதா என்று பலர் கேட்கிறார்கள். போல்ட் பக்கவாட்டில் இருந்தால் பயமில்லை. நேர் கீழே பார்த்து இருக்கிற வண்டி என்றால், நம் ஊர் வேகத்தடைகளை நம்பி மாட்டாதீர்கள்.

மச்சினனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "வேண்டாம்டா. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறவனுக்கு எதுக்கு? போல்ட்டே போதும், வாஷரை மட்டும் புதுசா போட்டுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எரிச்சலோடு புது ஆயிலை ஊற்றியதில் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இன்ஜினை ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தால், மேல் கோட்டுக்கு மேலே அரை விரற்கடை. அப்படியே விட்டால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைத்துவிடும். போல்ட்டாக இருந்திருந்தால் சூடான புது ஆயிலுக்கு நடுவே அதைக் கழற்றி, நிதானமாக வடித்து, திரும்ப மாட்டுவதெல்லாம் நடக்கிற காரியமா? குப்புறப் படுத்துக் கையை நீட்டி, வால்வைத் திறந்து, ஜூஸ் பாட்டிலில் இரண்டு மடக்கு அளவுக்குப் பிடித்துக்கொண்டு மூடினேன். டிப்ஸ்டிக்கில் சரியாகக் கோட்டில் நின்றது. கையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மச்சினனுக்கு இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை. ஆஃபர் நாளையோடு முடிகிறதாம்.